குதிகால் மை

மார்ச் 4, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஏழாவதோடு நின்றவள் கையில் டைரியைக் கொடுத்தால் எழுத்து இப்படித்தான் இருக்கும். தப்பு இருந்தால் அவர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. அட்டையில் பூச்சி மருந்துப் படம். முதல் பக்கத்தில் பேர் கேட்டிருந்தது, குருவம்மாள் என்று போட்டேன். ரத்த வகை கேட்டிருந்தது. வாகன எண் கேட்டிருந்தது. வாகனம் இல்லை.

தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டுமாம். வலி பத்துக்கு எத்தனை. ரத்தப் போக்கு உண்டா. மாத்திரை சாப்பிட்டேனா. இதற்கு ஒரு வரி போதும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் இருக்கிறது, சும்மா விட மனசில்லை.

கருப்பைக்குள்ளே இருக்க வேண்டிய சதை வெளியே போய் வளர்ந்து, மாசாமாசம் அங்கேயும் ரத்தம் கசிகிறதாம். குடலும் சினைப்பையும் பசை தடவியது மாதிரி ஒட்டிக் கிடக்கிறதாம். கருப்பைச் சுவருக்குள்ளேயும் இறங்கிவிட்டதாம். நோயின் பேரைச் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. நர்ஸ் பெண் எண்டோ என்று சுருக்கிச் சொன்னாள். இடது பக்கம் சாக்லேட் கட்டி வேறு. சாக்லேட்டாம்! பழைய ரத்தம் தேங்கி அந்த நிறத்தில் இருக்குமாம். பேர் வைத்த மகராசன் கையில் கிடைத்தால் ஒரு நாளைக்கு அதை அவன் வயிற்றில் வைத்துப் பார்க்கலாம்.

ஏற்கெனவே ஒரு தடவை துளை போட்டு எடுத்தார்கள். திரும்ப வளர்ந்துவிட்டது.

"கர்ப்பப்பைய எடுத்துரலாம் குருவம்மா" என்றார் டாக்டரம்மா. "வலி முழுசாப் போயிரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நல்லாக் குறையும். இன்னொரு பிள்ளை வேணும்னு நெனச்சீங்கன்னா வேற வழி பாக்கணும், அது லேசு இல்ல."

"நீங்களே சொல்லுங்க டாக்டர்."

"என் வயிறு இல்லையேம்மா. சித்திரை பிறந்து வாங்க, அதுவரைக்கும் தினம் ஒரு மாத்திரை. யோசிச்சு வாங்க."

பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒரு பொண்ணு என்றேன். என்ன படிக்கிறா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "இப்ப இல்லைங்கம்மா" என்றார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பேருந்தில் வரும்போது இவர் மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். இவர் என்று எழுதினால் என் வீட்டுக்காரர் தவசிலிங்கம் என்று எடுத்துக்கொள்ளவும்.

மார்ச் 5, செவ்வாய்

வலி 5. போக்கு இல்லை. மாத்திரை சாப்பிட்டேன்.

மார்ச் 7, வியாழன்

குழாயில் தண்ணீர் வந்தது. குடத்தைத் தூக்கக் குனிந்தால் இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் யாரோ கம்பியை உருவுகிற மாதிரி இருந்தது. பாதிக் குடம், பாதிக் குடமாகப் பிடித்தேன். பின்னால் நின்றவள், "இப்படிப் பிடிச்சா விடிஞ்சுரும்" என்றாள். விடிந்துதான் தண்ணீர் பிடிக்கிறோம், இன்னும் எங்கே விடிய?

இந்தப் பத்துக்கு எத்தனை என்பது எனக்குப் பிடிபடவே இல்லை டாக்டர். பத்து என்றால் எது? பிரசவ வலி பத்தா? கனிஷ்காவைப் பெற்றது பத்து என்று வைத்தால், அவளைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அது எத்தனை? அது பத்து என்றால் மற்றதெல்லாம் ஒன்றோ இரண்டோதான். அப்புறம் நீங்கள், இவளுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவீர்கள்.

6 என்று போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

மதினி வந்தார். இவருக்கு மூத்தவர், சண்முகக்கனி. ரெண்டு தெரு தள்ளி வீடு. தெருமுனையில் திரும்பும்போதே இங்கே வாய்ச் சத்தம் கேட்கும்.

"என்னடி முடிவு பண்ணிருக்க?"

"சித்திரை வரைக்கும் டயம் இருக்கு மதினி."

"டயத்த வச்சு ஊறுகா போடப் போறியா? எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு. எத்தன நாளைக்கு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடப்ப? ஏலே தவசி, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"அவ இஷ்டம்க்கா" என்றார் இவர். எதைக் கேட்டாலும் இவருக்கு அவ இஷ்டம்தான். சாம்பாரா ரசமா என்று கேட்டாலும் அதுதான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. குழம்பில் மிளகாய்த்தூளை ரெண்டு தடவை போட்டுவிட்டேன். மதினி கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டுவிட்டு, நல்லாருக்கு என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

கோபம் ஏன் என்று எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் டாக்டரிடம் கொடுப்பேன்.

எங்கள் சொந்தத்தில் பிள்ளைக்கு முதல் மை வைக்கிற உரிமை அத்தைக்கு. கனிஷ்காவுக்கு மதினிதான் வைத்தார். பேரில் கனி இருக்கிறது பாருங்கள், அதுவும் அவர் பேரிலிருந்து பிய்த்து வைத்ததுதான். சின்னப் பிள்ளை தவறிப்போனாலும் அத்தைதான் மை வைக்க வேண்டும், இடது குதிகாலில் ஒரு புள்ளி. அந்தப் பிள்ளை அதே வயிற்றில் திரும்பி வரும், வரும்போது குதிகாலில் கருப்பாக ஒன்று இருக்கும், அதை வைத்துக் கண்டுகொள்ளலாம் என்பார்கள்.

ஏழு வயசுப் பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு நான் நினைவில்லாமல் கிடந்தேன். மதினி என் காதுக்கிட்ட வந்து, "வச்சுட்டேன்டி, இடது கால்ல. வருவா. கண்ணத் தொற" என்றார். அது மட்டும்தான் அன்றைக்குக் கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் மையும் வைத்துவிட்டு, வருகிற வழியை அடைக்கவும் சொன்னால் அது என்ன நியாயம்?

வலி 6. மாத்திரை சாப்பிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

வேலைக்குப் போனேன். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு இந்த வேலைதான். தறியில் கட்டுத்துணி நெய்து, வெளுத்து வரும். நாங்கள் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வெட்டி, மடித்து, கட்டாக அடுக்குவோம். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாருக்குக் காயம் என்றாலும் எங்கள் கை பட்ட துணியாக இருக்கலாம் என்பாள் ஜெபராணி. பக்கத்து மேஜை. அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்து வருசமாகிறது.

"எடுத்தா ஊதிருவன்னு சொல்லுவாளுக, நம்பாத. நான் முன்னாடியே இப்படித்தான் இருந்தேன்."

"மீசை மொளைக்கும்னு சொல்றாங்களே."

"மொளைக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்குத்தான் ஒழுங்கா மொளைக்கல. வீட்டுல ஒருத்தருக்காச்சும் இருக்கட்டும்."

மேஸ்திரி திரும்பிப் பார்க்கும் வரைக்கும் சிரித்தேன். சிரித்தால் அடிவயிறு பிடிக்கிறது. இந்த நோயில் சிரிக்கவும் கூடாது போல.

"உனக்கு என்ன யோசனை, குருவு? வயசும் நாற்பதத் தொடப்போகுது. எதுக்காக வச்சுக்கிட்டிருக்க?" என்றாள்.

நூல் பிசிறு வருது, பார்த்து மடி என்றேன்.

வலி 5. மாத்திரை சாப்பிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

இவர் அலமாரியில் தீப்பெட்டி தேடியவர் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"என்ன குருவு, இது தீரவே மாட்டேங்குது?"

"கூடப் போட்டுக் குடுத்திருப்பாங்க."

"மருந்துக்கடைக்காரன் கூடப் போடுவானா?"

"உங்க சேக்காளிதான, போட்டிருப்பான்."

தீப்பெட்டி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அலமாரியைத் துடைத்து எல்லாவற்றையும் வேறு இடத்தில் மாற்றி வைத்தேன். மாத்திரை சாப்பிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

போக்கு உண்டு. வலி 9. பத்து போடவில்லை, பத்து வேறு.

மேஜையிலிருந்து எழுந்தேன், அவ்வளவுதான் தெரியும். அடுக்கி வைத்திருந்த கட்டின்மேல் சாய்ந்திருக்கிறேன். ஒரு சொட்டுப் பட்டாலும் கட்டை முழுசாகக் கழிக்க வேண்டும். மேஸ்திரி ஒரு நல்ல மனுசன், திட்டவில்லை, தலையில் மட்டும் கை வைத்துக்கொண்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

"எதுக்குண்ணே கழிக்கணும்? கட்டுத்துணிய ரத்தத்துக்குத்தான நெய்யுறோம்" என்றாள் ஜெபராணி. என்னை அவள் சேலையால் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோவில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மாத்திரை சாப்புட்டா மாசமாசம் வராதுன்னுதான எனக்குச் சொன்னாங்க. உனக்கு எப்படி வருது?"

ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி என்றேன்.

மாத்திரை சாப்பிட்டேன்.

மார்ச் 23, சனி

படுக்கை. இவர் சோறு வடித்தார். கஞ்சியை வடிக்கிறேன் என்று சோற்றையும் சேர்த்து வடித்துவிட்டார். மாத்திரை சாப்பிட்டேன்.

மார்ச் 27, புதன்

எழுந்து நடமாடுகிறேன். ராஜபாளையம் போகிற பேருந்தில் முன் இருக்கைப் பிள்ளையின் செருப்புக் கழன்று விழுந்தது. எடுத்து மாட்டிவிட்டேன். இடது கால். ஒரு உதவி செய்தால் அந்தத் தாய் என்னைக் கள்ளியைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறாள். "கால எதுக்குத் திருப்பிப் பாக்குறீங்க?" என்கிறாள். முள் இருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். இந்தக் காலத்தில் யாருக்கும் நல்லது செய்யக் கூடாது.

திரும்பி வரும்போது அங்கன்வாடி வாசலில் கொஞ்சம் நின்றேன். வெயில், அதனால் நின்றேன். பிள்ளைகள் மத்தியானம் தூங்கும். பாயில் வரிசையாக, பாதமெல்லாம் வாசலைப் பார்த்து. மண் ஒட்டிய பாதங்கள். எது மண், எது மச்சம் என்று அங்கிருந்து தெரியாது. டீச்சர் வந்து, "யாரு வேணும்?" என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

இதையும் கிழிக்க வேண்டும்.

நேற்று நானாகத்தான் இவர் பக்கத்தில் போய்ப் படுத்தேன். எத்தனையோ மாசம் கழித்து. டாக்டரம்மாவே கேட்டிருக்கிறார், புருசனோடு சேரும்போது வலிக்குமா என்று. அதற்கு எந்த எண் போடுவது என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை என்றுதான் நினைத்தேன். முடிந்ததும் இவர் கை என் கன்னத்தில் பட்டது. ஈரம். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இது வேணாம், குருவு" என்றார்.

"நான்தான கூப்பிட்டேன்."

"அதான் எதுக்குனு கேக்குறேன்."

காலையில் தறிக்குப் போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனார். மனுசனுக்கு என்னதான் செய்வது? போனாலும் குற்றம், வந்தாலும் குற்றம்.

ஏப்ரல் 8, திங்கள்

வலி 4. மாத்திரை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை பிறந்துவிட்டது. வேப்பம்பூப் பச்சடி செய்தேன். மதினி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன், கோபம் கோபமாகவே இருக்கிறது, பச்சடி பச்சடி. டாக்டர் 24ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டோம். பள்ளிக்கூடத்தில்தான் பெட்டி. கனிஷ்கா படித்த ரெண்டாம் வகுப்பு அறை. அங்கே உட்கார்ந்திருந்த பெண் என் விரலில் மை வைத்தார். "எத்தன நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டேன். "சோப்புப் போட்டாலும் போகாதும்மா, நகம் வளந்து வெட்டினாத்தான்" என்றார். நல்ல மை என்றேன். பின்னால் இவர் நின்றுகொண்டிருந்தார், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நேற்று வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏப்ரல் 24, புதன்

டாக்டரிடம் போகவில்லை. பேருந்து கிடைக்கவில்லை. இவர் வண்டி பிடித்து வருகிறேன் என்றார், தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டேன். தலையும் கொஞ்சம் சுற்றத்தான் செய்தது.

இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 27, சனி

குச்சி வாங்கிச் சோதித்துப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மருந்துக்கடைக்காரன் இவருடைய சேக்காளி, கடையை மூடும் முன் ஊருக்கே சொல்லிவிடுவான். அதுவும் இல்லாமல், பார்த்தால் தெரிந்துவிடும்.

கிளிமூக்கு மாங்காய் வாங்கி உப்புப் போட்டுத் தின்றேன். பல் கூசியது. ஜெபராணி என் கையிலிருந்த மாங்காயைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ஏ குருவு, வேணாம்" என்றாள். எது வேணாம் என்று கேட்டேன். துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பரணிலிருந்து தொட்டில் கம்பை எடுத்துத் துடைத்தேன். கரையான் பிடித்துவிடக் கூடாது, அதற்காகத்தான்.

மை இடது குதிகாலில் எந்த இடத்தில் வைத்தார் என்று மதினியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நடுவிலா, ஓரத்திலா. கேட்டதே இல்லை.

வலி இல்லை. டாக்டர், நிஜமாகவே இன்றைக்கு வலி இல்லை.

மே 2, வியாழன்

ஆஸ்பத்திரி. உட்கார்ந்து எழுத விடுகிறார்கள்.

திங்கட்கிழமை சமையல்கட்டில் விழுந்தேன். பிள்ளையெல்லாம் இல்லை. கட்டி கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, கூடவே நாள் தள்ளி வருவதும் மொத்தமாக வந்துவிட்டது. சோதித்துத்தான் சொன்னார்கள், கரு எதுவும் தங்கவே இல்லை. நான் மாங்காய் தின்றதுதான் மிச்சம். ரத்தம் ஏற்றினார்கள். இவர் ரத்தம் சேரவில்லை, மேஸ்திரி வந்து கொடுத்தார். அந்தக் கட்டைக் கழித்ததற்கு அவர் என்னிடம் ரத்தம் கேட்டிருக்க வேண்டும், கொடுத்துவிட்டுப் போகிறார்.

டாக்டரம்மா ஒன்றுதான் கேட்டார். "மாத்திரை சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். டைரியில் தினமும் எழுதியிருக்கிறேன் என்றேன்.

இவர் வாசலில் நின்றபடி சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். அட்டை அட்டையாக. ஒன்றும் உடைக்காதது. கனிஷ்காவின் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்திருந்தேன். அந்தப் பையை இவர் தொடவே மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. இந்த ஊரில் திட்ட வேண்டியவர்கள் யாரும் திட்டுவதில்லை. "அப்ப உங்களுக்குப் பிள்ளை வேணும். அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல குருவம்மா, அதுக்கும் வைத்தியம் யோசிச்சிருப்போமே" என்றார்.

பிள்ளை வேண்டாம் டாக்டர். என் பிள்ளைதான் வேண்டும். இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மே 3, வெள்ளி

மதினி வந்தார். வாய்ச் சத்தம் இல்லாமல் வந்தார், அதனால் பக்கத்தில் வந்து நிற்கும் வரைக்கும் தெரியவில்லை. இவரை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மாத்திரைய ஏன்டி நிப்பாட்டுன?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அவ வருவான்னா?"

"நீங்கதான மதினி மை வச்சீங்க. நீங்கதான வருவான்னு சொன்னீங்க. இப்ப என்னயக் கேட்டா?"

"நான் வைக்கல."

திரும்பிப் பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வை என்று நினைத்தேன்.

"வைக்கலடி. டப்பாவத் தொறந்தேன், விரல்ல தொட்டேன், காலத் தூக்குனேன். ஐஸ்பெட்டியில வச்சிருந்த காலு, அப்படிச் சில்லுனு இருந்துச்சு. அந்தக் கால எப்பத் தொட்டாலும் கூசுது அத்தைன்னு வெடுக்குனு இழுத்துக்கும். எண்ணெ தேச்சு விட முடியாது, கொலுசு மாட்ட முடியாது, எட்டி எட்டி ஒதைக்கும். அன்னைக்கு என் கையில சும்மா கெடந்துச்சு. இழுக்கும் இழுக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு முடியல. மைய என் சேலையில தொடச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"பின்ன ஏன் என் காதுல வந்து அப்படிச் சொன்னீங்க?"

"நீ கண்ணத் தொறக்கல. எங்க எல்லாருக்கும் நீயும் போயிருவன்னு பயம். வாயில என்ன வந்துச்சோ சொன்னேன். நீ தொறந்த. அதுக்கப்பறம் எப்படிடி இல்லைன்னு சொல்ல?"

டீ வந்தது. ஆறிப்போன டீ. மூன்று பேரும் குடித்தோம்.

மே 4, சனி

ரெண்டு வருசம். வழி தவறி வேறு வீட்டில் பிறந்துவிட்டாளோ என்று எத்தனை பிள்ளைகளின் காலைத் திருப்பிப் பார்த்தேன். கோயில் தேரில், கல்யாண வீட்டில், பேருந்தில். கள்ளி மாதிரி. எவ்வளவு திட்டு வாங்கினேன். இல்லாத புள்ளிக்கு.

மதினி கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. "என் மேல கோவம்னா என்னயத் திட்டு. கத்திரிக்கா என்ன பண்ணுச்சு?" என்கிறார்.

மே 6, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். யோசிக்க யோசிக்கக் கோபம் மதினி மேலேயே நிற்க மாட்டேன் என்கிறது. யார் மேலே நிறுத்துவது என்று தெரியவில்லை.

இப்படி யோசித்தேன். மை வைத்திருந்தால் அவள் என் வயிற்றுக்குத்தான் வந்தாக வேண்டும். இந்த வயிற்றுக்கு. எல்லாம் ஒட்டிப்போய், ரத்தம் தேங்கி, மூச்சுவிட இடமில்லாத இந்த வீட்டுக்கு. மை வைக்கவில்லை என்றால் அவளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. யார் வீட்டிலும் பிறக்கலாம். பிறந்துகூட இருக்கலாம். அந்த அங்கன்வாடிப் பாயில் ஒரு பாதம் அவளுடையதாக இருந்தாலும் இருக்கும், எனக்குத் தெரியப் போவதில்லை. இல்லை, ஏழு வயசு வரைக்கும் இருந்தது போதும் என்று எங்கேயும் வராமலும் இருப்பாள். பிடிவாதக்காரி, செய்வாள்.

வந்தாலும் அவளைத் தூக்க எனக்கு இடுப்பு எங்கே இருக்கிறது? அரைக் குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை.

இவரிடம் சொன்னேன், எடுத்துவிடலாம் என்று. அவ இஷ்டம் என்று சொல்லிவிடுவாரோ என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

"எனக்கு ஒரு ஆள் போனது போதும்" என்றார்.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு ரப்பரும் பாதி தின்ற கடலைமிட்டாயும் இருந்தன. கடலைமிட்டாயில் எறும்புகூட இல்லை.

மே 8, புதன்

மாத்திரை சாப்பிட்டேன். நிஜமாகவே. வாய் கசந்தது.

மே 14, செவ்வாய்

நாளைக்கு. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வளையல், தோடு, பொட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். நகப்பூச்சு இருந்தால் அழிக்கச் சொன்னார்கள். விரலில் இருந்த ஓட்டு மையைப் பார்த்து நர்ஸ், "இது போகாதுல்ல" என்று சலித்துக்கொண்டாள். என்னைக் கேட்டால்?

டாக்டரம்மா திரும்பவும் கேட்டார், நல்லா யோசிச்சாச்சா என்று. ஆச்சு டாக்டர். கையெழுத்து என் கையால் போட்டேன். இவர் பக்கத்தில் நின்று பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மதினி வந்தார். இடுப்பிலிருந்து ஒரு மை டப்பாவை எடுத்தார்.

"கால நீட்டு."

"எதுக்கு மதினி?"

"நீட்டுடி."

"நான் என்ன செத்தா போகப்போறேன்?"

"வாயக் கழுவு. திரும்பி வரணும்ல, அதுக்கு. இந்தத் தடவ வச்சே தீருவேன்."

"நர்ஸ் பாத்தா அழிப்பா."

"குதிகால யாரு பாக்குறா? உன்னய மாதிரி கிறுக்கிதான் பாப்பா."

நீட்டினேன். அவர் விரல் குதிகாலில் பட்டது. இழுக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை, கூசியது, வெடுக்கென்று இழுத்துவிட்டேன். புள்ளி கோடாகிவிட்டது. மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் காலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆட்டாதடி, ஆட்டாதடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஆட்டவே இல்லை. அவர் கைதான் ஆடிக்கொண்டிருந்தது.

மே 18, சனி

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது.

வலி பத்துக்கு எத்தனை என்று நர்ஸ் கேட்டாள். நாலு என்றேன். இது தையல் வலி. அடிவயிற்றில் குடியிருந்தது இதுதானா என்று தேடிப் பார்த்தேன், அது இல்லை. நாளைக்கே வந்தாலும் வரும், டாக்டரம்மா சத்தியம் பண்ணவில்லை. இன்றைக்கு இல்லை. கட்டுத்துணியின் மடிப்பு கோணலாக இருந்தது. ஜெபராணி மடித்ததாகத்தான் இருக்கும், அவளிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் போயிருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். இப்போது எழுதினால் அழுவேன், அழுதால் தையல் இழுக்கும்.

நர்ஸ் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், உணர்வு வர நேரமாகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். மதினி காதில் ஏறவில்லை. என்னை வெளியே கொண்டுவந்து படுக்க வைத்ததும் போர்வையை விலக்கி இடது குதிகாலைத் தொட்டிருக்கிறார். கால் அப்படியே கிடந்திருக்கிறது. மறுபடி தொட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தியிருக்கிறார். நர்ஸ் ஓடிவந்து, மருந்து வேலைம்மா, ஆள் தூங்குறாங்க, மூச்சப் பாருங்க என்று கையைப் பிடித்து என் மூக்குக்கிட்ட வைத்துக் காட்டியிருக்கிறாள். அப்பவும் நம்பவில்லையாம். காலடியில் ஸ்டூலைப் போட்டு, குதிகாலில் ஒரு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். இவர் சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லையாம்.

அதற்கு அப்புறம் நடந்தது எனக்கே தெரியும். கண்ணை மூடித்தான் கிடந்தேன். ரொம்பத் தூரத்தில், வேறு யாருடைய காலிலோ என்னவோ ஊர்கிற மாதிரி இருந்தது. எறும்பு என்று நினைத்தேன். அப்புறம் அது என் காலாகிவிட்டது.

வெடுக்கென்று இழுத்தேன்.

"சண்டாளி" என்று ஒரு சத்தம் கேட்டது. "இழுக்குறதுக்கு இம்புட்டு நேரமாடி உனக்கு!"

கண்ணைத் திறந்தேன்.